பெட்டியில் எழுதிய எடை

இரும்புக் கயிறு அறுந்தபோது ஆசீர்வாதம் எனக்கு இடது பக்கம் நாலடி தள்ளி நின்றான். நான் மேலே பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. அவ்வளவுதான். நான் இன்றைக்கும் இரண்டு காலால் நடக்கிறேன்.

அது சாத்தாங்காடு இரும்புக் கிடங்கிலிருந்து கப்பலுக்கு வந்த கம்பிக் கட்டு. கட்டில் தொங்கிய தகரத்துண்டில் இரண்டு டன் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. படித்துச் சொன்னது நான். எங்கள் கேங்கில் பதினான்கு பேர். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு டன்னுக்கு உண்டான கயிற்றை மாட்டினார்கள். அப்புறம் ஆபீசர்கள் வந்து எடை போட்டால் மூன்றேகால். கட்டணம் குறையட்டும் என்று எவனோ ஒரு வியாபாரி எண்ணைக் குறைத்து எழுதியிருக்கிறான். அந்த ஒன்றேகால் டன் பொய் ஆசீர்வாதத்தின் வலது முட்டியில் இறங்கியது. 2005ஆம் வருஷம், ஆடி மாதம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, இப்படியும் ஒருவன் ஏமாறுவானா என்பார்கள். ஏமாறுவான். பெட்டியின் மேல் எழுதிய எடையை நம்பி அதன் கீழே நிற்கிறவன் ஏமாறத்தான் செய்வான்.

துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவனுக்கு எந்த ஊர்ப் பெட்டி எப்படி என்று முதுகே சொல்லிவிடும். நம் ஊர்ச் சரக்கில் தகரம் ஒன்று சொல்லும், முதுகு ஒன்று சொல்லும். வெள்ளைக்காரன் துறைமுகம் ராட்டர்டாமிலிருந்து வரும் மரப்பெட்டி அப்படியில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ என்று போட்டிருந்தால் ஆயிரத்து நூற்று நாற்பதுதான். கயிறு எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று சங்கிலிப் படம் போட்டிருப்பான். உடையும் சாமான் என்றால் கோப்பைப் படம். நனையக் கூடாது என்றால் குடைப் படம். படிக்கத் தெரியாதவனையும் ஓர் ஆளாக மதித்து எழுதிய பெட்டி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊர்ப் பெட்டி எங்கள் கேங்கில் ஒருவனுக்கும் நகக்கண்ணைக்கூட நசுக்கியதில்லை.

நான் எழுத்துக் கற்றது முப்பத்தெட்டு வயதில். சங்க ஆபீசில் சாயங்கால வகுப்பு. தமிழை அங்கே கற்றேன். இங்கிலீஷ் எழுத்தைப் பெட்டிகளில் கற்றேன். என் பெயரை இங்கிலீஷில் எழுதுவதற்கு முன்பே ராட்டர்டாம் என்பதை எழுத்துக் கூட்டிவிட்டேன். அன்றைக்கு ஆசீர்வாதம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் நிற்கும் பெர்த்தைச் சுற்றி வந்தான். அதிலிருந்து எனக்கு எத்திராஜ் என்ற பெயர் போய் வாத்யார் என்றாகிவிட்டது. நீயும் வகுப்புக்கு வாடா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன்.

"எனுக்கு இன்னாத்துக்கு? ஒரு கேங்குக்கு ஒரு கண்ணு போதும் வாத்யாரே. நீ பாத்து சொல்லு, நான் தூக்கறேன்" என்பான்.

சங்கம் போராடி அவனுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தது. பணம் வந்தபோது தை மாதம். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். எலும்பு கூட ஒரு வருஷம் ஆகும். கூடிய பிறகு முட்டியைத் திறந்து உள்ளே வேறு முட்டி வைக்க வேண்டும். ஆபரேஷன் இலவசம், வைக்கிற முட்டி இலவசமில்லை. தொண்ணூறாயிரம் ஆகும். அடுத்த தை முடிவதற்குள் வைக்காவிட்டால் கால் கட்டையாகவே இறுகிப்போகும், அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக ஒரு வருஷம் அந்தப் பணத்தை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவன் வீடு. கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பான். நானும் என் மனைவி செல்லம்மாவும் போயிருந்தோம். அவன் மனைவி லூர்துமேரி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஃபண்டுல போடலாமா?" என்று கேட்டான் ஆசீர்வாதம். கேட்டுவிட்டு அவனே சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

தொண்ணூற்றெட்டில் திருவொற்றியூரில் ஒரு ஃபண்டு இருந்தது. முதலாளி நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு தேர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார். எங்களை 'வாங்க தம்பி' என்பார். நான் போட்டது பன்னிரண்டாயிரம், ஆசீர்வாதம் போட்டது எட்டாயிரம். ஒரு செவ்வாய்க்கிழமை போனால் பூட்டு. அந்தப் பூட்டுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்திருந்தார்கள்.

"அஞ்சாபீசு கீதே" என்று தபால் ஆபீசைச் சொன்னாள் செல்லம்மா. அவள் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் இறால் உரிப்பவள். விரலெல்லாம் வெடித்திருக்கும்.

"அஞ்சாபீசுல வருசத்துக்கு இன்னா குடுப்பான், கொசுறு" என்றேன்.

"பேங்கு?" என்றாள் லூர்துமேரி.

பேங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருந்தது. ராயபுரத்தில் எங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற அரசு பேங்கு. முதலில் எனக்கு அங்கே கைநாட்டுக் கணக்குதான். எழுதக் கற்ற மறுமாதமே போய், இனிமேல் கையெழுத்து என்று மாற்றிக்கொண்டேன். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அதிலிருந்து ஆரம்பித்தது பேஜார். முப்பத்தெட்டு வயசில் கற்ற கை, ஒரு நாள் போட்டது மாதிரி இன்னொரு நாள் போடாது. மூட்டை தூக்கிய நாளில் எழுத்து நடுங்கும். மழை நாளில் விரல் வீங்கியிருக்கும். கௌண்டரில் இருக்கிறவர் அட்டையையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போகவில்லை என்பார். மறுபடி போடு என்பார். மூன்றாவது தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெருவிரலே வச்சிருக்கலாம்ல, எதுக்கு இந்த வீம்பு?" என்பார். என் பணம், என் பெயர். ஆனால் நான்தான் நான் என்று அவரிடம் நிரூபிக்க எனக்குக் கை வரவில்லை.

"பேங்குல போட்டா நம்ம துட்டை நாமளே பிச்சை எடுக்கணும்" என்றேன்.

இந்த நேரத்தில்தான் அருள்பிரகாசம் வந்தான். முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மூலை மிஷினில் உட்கார்ந்திருப்பான். நம் ஊரில் எவனிடமும் கொடுக்காதே, வெளிநாட்டுக் கம்பெனி இருக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது, நூற்றுக்கு மாதம் ஆறு ரூபாய் என்றான். அவன் சொன்னதை நான் நம்பவில்லை. ஏஜெண்டு பேச்சு என்று தெரியும். வந்து பார், நீதான் படித்தவனாச்சே, நீயே படித்துக்கொள் என்றான்.

போனேன். கண்ணாடித் தடுப்புக்குள் ஸ்டூலில் உட்கார வைத்தான். திரையில் முதலில் ஒரு படம் வந்தது. துறைமுகம். கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் நீலத்தில் பெரிய எழுத்து, நார்த் ஹார்பர் டிரஸ்ட். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விலாசம். மெதுவாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். பியர் பதினான்கு, கப்பல் கட்டும் மேடையின் எண். அதற்கு அடுத்த வார்த்தை எனக்குக் கூட்ட வேண்டியதாகவே இல்லை. கண்ணில் பட்டதும் தெரிந்துவிட்டது. ராட்டர்டாம்.

"இந்த ஊரா?" என்றேன்.

"தெரியுமா உனக்கு?" என்றான் அருள்பிரகாசம்.

தெரியுமாவா. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர் என் முதுகில்தான் இறங்கியிருக்கிறது.

அவன் என் பெயரைத் தட்டினான். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. அட்டையைப் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. ஓர் இரகசிய வார்த்தை கேட்டது, அவ்வளவுதான். அது எத்தனை தடவை தட்டினாலும் ஒரே மாதிரி விழுந்தது, கை நடுங்கினாலும் எழுத்து நடுங்கவில்லை. உடனே திரையில் வந்தது: டியர் மிஸ்டர் எத்திராஜ். அதுவரைக்கும் என்னை யாரும் மிஸ்டர் என்று எழுதியதில்லை. சங்கம்கூட தோழர் என்றுதான் எழுதும். நான் அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செல்லம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தபால்காரு நம்ம வாசல்ல சைக்கிள் நிறுத்தறாரு. அந்த வெள்ளைக்காரன் எந்தத் தெருவுல கீறான்? துட்டு வல்லன்னா எந்தக் கதவைத் தட்டுவ?"

"ஃபண்டுக்காரன் நம்ம தெருவுலதான் இருந்தான். தட்னியே, தொறந்தானா?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆசீர்வாதத்திடம் சொன்னபோது அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீ உன் கண்ணால படிச்சியா வாத்யாரே? ராட்டர்டாம்தானா?"

"என் கண்ணால படிச்சேன்."

"அப்ப போட்ரு. அந்த ஊர்க்காரன் எடையில கை வைக்க மாட்டான்."

அவன் பணத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், என் பணம் நாற்பதாயிரம். மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போய் அருள்பிரகாசத்திடம் கொடுத்தேன். அவன் எங்கேயோ கட்டி, டாலராக மாற்றி, திரையில் ஏற்றிக் காட்டினான். நம் ரூபாய் மூன்று நாளில் கடல் தாண்டிப் போய் வெள்ளைக்கார எண்ணாக நின்றது. கப்பலுக்கு இருபது நாள் ஆகும்.

மாதா மாதம் முதல் திங்கள்கிழமை ஆசீர்வாதத்தை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போவேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். அவன் மடங்காத காலை நடைபாதையில் நீட்டி உட்காருவான். போகிறவர் வருகிறவர் தாண்டிப் போவார்கள். நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. குடும்பச் செலவுக்கு என்று மாதம் இரண்டாயிரம் மட்டும் எடுத்துக்கொள்வான், மிச்சத்தை அதிலேயே விடச் சொல்வான். இப்படி நாலு மாதம் இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் கைக்கு வந்தது. பழைய நோட்டுதான், அருள்பிரகாசம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். ஆனாலும் ஆசீர்வாதம் அதை முகர்ந்து பார்ப்பான்.

"ஃபாரின் வாசனை வர்துடா."

"அருளு சட்டை வேர்வைடா அது."

"கம்னு கெட. உனுக்கு மூக்கும் போச்சு."

கால் சரியானதும் மிச்சப் பணத்தில் தேரடிப் பக்கம் ஒரு பெட்டிக்கடை போடுவது என்று லூர்துமேரியிடம் சொல்லியிருந்தான். கடைக்குப் பெயர்ப் பலகை நான் எழுத வேண்டும் என்று பேச்சு.

ஆவணி மாதம் போனபோது எண் வரவில்லை. மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு வரி. பராமரிப்பு வேலை நடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அருள்பிரகாசம் சொன்னான். நான் ஆசீர்வாதத்திடம் திரும்பி, "கிரேனுக்கு எண்ணெய் போடறாங்க" என்றேன். அவன் சிரித்தான். "போடட்டும். அவன் ஒழுங்கா மெயின்டைன் பண்ணுவான். நம்மாளுங்க மாதிரியா?"

புரட்டாசியில் அந்த இரண்டு வரியும் இல்லை. வெள்ளையாக இருந்தது திரை. மூலையில் ஏதோ இந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று இருந்தது. அருள்பிரகாசம் மறுபடி மறுபடி ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவன் மனைவியின் சங்கிலி, மைத்துனன் பணம் எல்லாம் அதில்தான். அவன் ஓடிப்போயிருந்தால்கூடத் தேவலை, கோபப்பட ஓர் ஆளாவது கிடைத்திருப்பான். அவன் ஓடவில்லை. தினமும் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்து அதே பொத்தானை அழுத்தினான். சென்டர்காரர் பாவம் பார்த்துக் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"துட்டு யார்கிட்ட குடுத்த?"

"அருள்பிரகாசம் சார்."

"அவன் மேல எழுதட்டுமா?"

"அவனும் ஏமாந்தவன் சார்."

"அப்ப யார் மேல?"

"ராட்டர்டாம் கம்பெனி சார்."

"அது எந்த ஸ்டேஷன் லிமிட்டு?"

அவர் பேனாவை மூடினார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். எழுத வேண்டிய கட்டத்தில் எழுத ஏதாவது வேண்டுமே அவருக்கு.

அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை விடவில்லை. கம்ப்யூட்டர்தானே கெட்டுப்போயிருக்கிறது, கம்பெனி அங்கேதானே இருக்கும். அந்த ஊரைப் பார்த்தவன் எவனாவது ஒருவன் போய்க் கேட்டால் போதும். துறைமுக கேட்டுக்கு எதிரே பஷீர் பாய் ஐஎஸ்டி பூத் வைத்திருந்தார். கப்பல் ஆட்கள் கரை இறங்கினால் வீட்டுக்குப் பேச அங்கேதான் வருவார்கள். ராட்டர்டாமிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்து வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். விலாசத்தைப் பெட்டியில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தாக ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் மழைக்கு நடுவே பஷீர் பாய் ஆள் அனுப்பினார். ஷிப்ட் முடிந்து நனைந்துகொண்டே ஓடினேன். பூத் வாசலில் ஒருவன் நின்றிருந்தான். குள்ளமாக, மாநிறமாக, நம் ஆள் மாதிரி.

"இவனா?"

"ராட்டர்டாம் கப்பல்தான் மாமு. கப்பல் பூரா பிலிப்பைன்ஸ்காரங்கோ. கேப்டன்கூட வேற எந்த ஊரோ. அந்த ஊர் ஆளு ஒத்தன் இல்ல" என்றார் பஷீர் பாய். "நான் அந்த ஊர் கப்பல்னு இருபது வருசமா நெனச்சுகினு கீறேன். கப்பல்ல அந்த ஊர்க்காரனே இல்லையாம்."

அவன் பெயர் ரிக்கோ. கப்பலைக் கரையில் கயிறு போட்டுக் கட்டுகிறவன். நான் காகிதத்தை நீட்டினேன். அவன் மழை படாமல் உள்ளங்கையில் வைத்துப் படித்தான். பஷீர் பாய் அவனோடு இங்கிலீஷில் பேசினார். என்னால் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

"பியர் பதினாலு இவனுக்கு நல்லா தெரியுமாம். போன மாசம் அங்கதான் கயிறு கட்டுனானாம்."

நான் ஓரடி கிட்டே போனேன். "கம்பெனியைப் பாத்தானா?"

பஷீர் பாய் கேட்டார். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். இரண்டு கையையும் விரித்துக் குவியல் மாதிரி காட்டினான்.

"கரி கொட்டி வச்சிக்கிறாங்களாம். மலையாட்டம். ஒரு குச்சு வூடுகூட இல்லையாம்."

அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் ஏதோ சொன்னான். பஷீர் பாய் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இன்னான்றான் பாய்?"

"அவங்க ஊர்லயும் ஒரு கம்பெனி வந்துச்சாம், கம்ப்யூட்டர்லயே. அவங்கம்மா துட்டும் போச்சாம். அதுல எந்த ஊரு விலாசம் போட்டிருந்துச்சு தெர்யுமா?" அவர் காகிதத்தைப் பார்த்தார். "பம்பாய். இந்தியாக்காரன் கணக்குல கெட்டி, அவன் ஏமாத்த மாட்டான்னு ஊரே நம்பிச்சாம்."

ரிக்கோ என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு தன் தாயிடம் பேச பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இப்போது அவன் பணத்தை என்ன செய்கிறான் என்று பஷீர் பாயைக் கேட்டேன். ஊருக்குப் போகிற கூட்டாளி கையில் கொடுத்தனுப்புகிறானாம்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை, ஆசீர்வாதத்திடம் சொல்வதைத் தவிர. இரண்டு நாள் சொல்லாமல் அவன் வீட்டு வாசலைத் தாண்டித் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தான். முட்டி மடங்கவே இல்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சாமானை வாங்கி வந்தால் மறுவாரமே வைத்துவிடலாமாம்.

"ஜல்தி துட்டை எடு வாத்யாரே."

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் திரை, ஸ்டேஷன், ரிக்கோ, கரி மலை. அவன் சுவரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். லூர்துமேரி அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"நீ தப்பா படிச்சிருப்ப" என்றான்.

"இல்லடா."

"தப்பா படிச்சிருப்ப. அது பதினாலா இருக்காது. நாப்பதா இருக்கும். எழுவதா இருக்கும். எவனோ கயிறு கட்றவன், அவன் சொன்னானாம், இவன் கேட்டானாம். வெள்ளைக்காரன் எழுதி வச்சதுல பொய் இருக்காது. இருபத்ரெண்டு வருசம் தூக்கிக்கிறேன். எனுக்குத் தெரியும்."

"ஆசீர்வாதம், கம்பெனியே இல்லடா."

"ரெண்டு டன்னுன்னு படிச்சவன்தான நீ."

அவன் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். ஒன்றரை வருஷமாக அவன் அதைச் சொன்னதே இல்லை. தகரத்தில் எழுதியிருந்ததைத்தான் நான் படித்தேன் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அதுவரைக்கும் சொல்லாமல் இருந்தான்.

"நல்லா படிச்ச ஆளு எவனையாவது வச்சுப் பாத்துக்கறேன். நீ போ" என்றான்.

பார்த்தான். மாதவரத்திலிருந்து அவன் மச்சினன் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், வந்து அதே சென்டரில் உட்கார்ந்து அதே வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டான்.

மார்கழி முடிந்தது. என் கணக்கில் பதினோராயிரத்து நானூறு இருந்தது. செல்லம்மா ஐஸ் கம்பெனி பெண்களோடு போட்ட சீட்டை முன்னாலேயே கேட்டு ஆறாயிரம் எடுத்தாள். அஞ்சாபீசில் அவளே சேர்த்தது மூவாயிரம். அதை எடுத்து என் கையில் வைத்தபோது, நான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபதாயிரத்துச் சொச்சம். வேண்டியது தொண்ணூறு. சங்கத்தில் கேட்டால் போன வருஷம் வாங்கிக் கொடுத்தோமே, அது எங்கே என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் எழுந்து வந்துவிட்டேன்.

பேங்குக்குப் போன அன்றைக்குக் காலையில் உர மூட்டை இறக்கியிருந்தேன். கை கட்டுக்குள் இல்லை. முதல் தடவை போட்டேன். கௌண்டரில் இருந்தவர் புதியவர், சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, கொஞ்சம் மாறுது, இன்னொரு தடவை போடுங்க." போட்டேன். எத்திராஜ் என்பதில் கடைசி எழுத்து கீழே சரிந்து போயிற்று. பின்னால் வரிசையில் ஆள் நின்றார்கள். அவர் மூன்றாவது படிவத்தை எடுத்தார்.

"கைநாட்டு வச்சுக்கலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"எழுதத் தெரியுதே ஐயா உங்களுக்கு."

"இல்ல. வச்சுடறேன்."

கணக்கையே மறுபடி கைநாட்டுக்கு மாற்றச் சொன்னேன். ஒரு போட்டோ கேட்டார்கள், சாட்சிக்கு ஓர் ஆள் கேட்டார்கள். சரக்கை எண்ணிக் குறிக்கிற எங்கள் டேலி கிளார்க் சுப்புராயன் வந்து கையெழுத்துப் போட்டார். மைப் பெட்டியில் பெருவிரலை உருட்டி வைத்தேன். ஒரே தடவையில் சரியாக விழுந்தது.

பணத்தை ஆசீர்வாதத்தின் கட்டிலில் வைத்தபோது தை பிறந்து பன்னிரண்டு நாள். நாற்பத்தேழு நாள் கழித்து அன்றைக்குத்தான் அவன் வீட்டுக்குள் போனேன். அவன் நோட்டுக்கட்டைக் கையில் எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

"வந்துட்சா?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"வந்துட்சு! மேரி, இங்க வா. நான் இன்னா சொன்னேன்? வெள்ளைக்காரன் எடையில கை வைக்க மாட்டான்னு சொன்னேனா இல்லையா?" அவன் நோட்டை மூக்கருகே கொண்டு போனான். "வாசனையே சொல்லுது. பேமானி, கம்பெனியே இல்லன்னியே வாத்யாரே. உனுக்குப் படிக்கத் தெர்லன்னு ஒத்துக்கோ."

"ஒத்துக்கறேன்" என்றேன்.

லூர்துமேரி என் இடது கையைப் பார்த்தாள். பெருவிரலில் ஊதா மை அப்படியே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"இது எவ்ளோ?"

"இருபதாயிரத்து நானூறு."

"முதல் தவணை. மிச்சம் எப்போ?"

"வரும்."

"தை முடியறதுக்குள்ள வந்துடும்ல?"

தை முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. அவன் இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தான். அது ஒரு மரப்பெட்டி மாதிரி, மடங்காமல், வைத்த இடத்தில் நின்றது.